காலடிச் சத்தம்

பதினொரு வருஷமாக நான் நடப்பது
பிறத்தியார் நடை.
அந்தேரி கிழக்கு, மூன்றாம் மாடி,
ஜன்னல் இல்லாத அறை.
தரையில் பெட்டி பெட்டியாகக் குழிகள்:
ஒன்றில் ஜல்லி, ஒன்றில் மணல்,
ஒன்றில் யார் வீட்டிலோ பெயர்த்த கடப்பைக்கல்.
திரையில் ஊமையாக நடப்பார்கள்.
நான் பார்த்துப் பார்த்துச்
சத்தம் போட்டுக் கொடுப்பேன்.

இந்தப் படத்துக்கு இரண்டு ஜோடிக் கால்.
அவனுக்குத் தோல் பூட்ஸ், ஒன்பதாம் நம்பர்;
இரண்டு காலுறை போட்டு
முனையில் பஞ்சு அடைத்துக்கொள்வேன்.
அவளுக்குத் தட்டைச் செருப்பு.
அது எனக்கே சரியாக இருந்தது.

கதையா?
ரேவாவுக்குப் பத்தொன்பது. பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறவள்.
அவனுக்கு முப்பத்தெட்டு.
ஒரு மழையில் பார்த்துவிட்டான்.
அன்றிலிருந்து அவள் ஏறும் ரயில் அவன் ரயில்,
அவள் ஜன்னலுக்கு எதிரே அவன் வாடகை அறை.
அவள் தவறவிட்ட கொண்டை ஊசியைச்
சட்டைப்பையில், இதயநோய்க்காரர்
மாத்திரை வைத்திருப்பதுபோல் வைத்திருக்கிறான்.
இடைவேளைக்கு முன்னால் மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான்.
இடைவேளைக்குப் பின்னால் அவள் அழுகிறாள்.
அதற்குப் பெயர் சம்மதமாம்.

முதலில் அவள் நடையை எடுத்தோம்.
பிறகு அதைக் காதில் மாட்டிக்கொண்டு
அவன் பூட்ஸில் ஏறினேன்.
முன்னால் நான் போகிறேன்.
பின்னால் நான் வருகிறேன்.

"செல்வி-ஜி," கண்ணாடிக்கு அப்பாலிருந்து டைரக்டர்,
"கொஞ்சம் மெத்தென்று. அவன் வில்லன் இல்லை.
காதல் கேட்கணும்."

குதிகால் முதலில் விழுந்தால் போலீஸ்காரன்.
விரல் முதலில் விழுந்தால் திருடன்.
காதலனுக்கு எது முதலில்?
பாதத்தின் வெளிவிளிம்பில் உருட்டிப் பார்த்தேன்.
"ஆஹா, இதேதான்! எங்கே பிடித்தீர்கள்?"

சயான் ஸ்டேஷன் நடைபாலத்தில் பிடித்தேன், ஐயா.
தட்டச்சு வகுப்பு விட்டு வரும் ஆறரை மணியில்.
நாலு படி பின்னால்,
ஏழு மாசம்,
ஒரு வார்த்தை பேசாமல்.
"என்னடி செஞ்சான்?" என்று வீட்டில் கேட்டார்கள்.
நடந்தான் என்றேன்.
"நடக்கிறவனை என்ன சொல்ல முடியும்?"
வகுப்பை நிறுத்தினார்கள்.
நிமிஷத்துக்கு முப்பது வார்த்தையோடு
என் விரல்கள் நின்றுபோயின.

இதையெல்லாம் சொல்லவில்லை.
டீ வந்தது, குடித்தோம்.

ஐந்தாம் ரீலில் ஒரு பாலம்.
அவள் முகம் மட்டும் திரை நிறைய,
கால்கள் சட்டகத்துக்கு வெளியே.
பின்னால் சத்தம் கேட்கிறது; அவள் வேகமாகப் போகவேண்டும்.
டைரக்டர் போனில் வெளியே போயிருந்தார்.
நான் தட்டைச் செருப்பில்
நின்றேன்.
திரும்பினேன்.
அவனை நோக்கி இரண்டு எட்டு வைத்தேன்,
கடப்பைக்கல் அதிர.

பரேஷ் தலைநிமிர்ந்தான்.
சுருளை ஓட்டிப் பார்த்தான், இரண்டு தடவை.
அவள் கண் அதற்கும் பொருந்தியது.
"கால்தான் தெரியலையே," என்றான், எனக்கா அவனுக்கா தெரியாது,
வைத்துக்கொண்டான்.

மேலே வயலின் வரும். இருபது வயலின்.
என் இரண்டு எட்டு அதற்கடியில் கிடக்கும்,
ரோட்டுக்கடியில் குழாய் கிடப்பதுபோல.
எனக்குத் தெரியாதா.

ராத்திரி பூட்ஸைக் கழற்றினால்
கட்டை விரலில் கொப்புளம்.
அவன் காதலித்ததற்கு என் காலில்.

பதினொன்றே முக்காலுக்கு அதே பாலம்.
நொண்டி நொண்டிப் போகிறேன்.
பின்னால் ஒரு நடை:
ரப்பர் அடி, இடது பக்கம் தேய்ந்தது,
சாப்பாட்டு டப்பாவில் ஸ்பூன் உருளுகிறது.
வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற மனுஷன்.
காதுக்குத் தெரிகிறது.
ஆனாலும் கம்பியோரம் ஒதுங்கி நின்று,
அவன் என்னைத் தாண்டி,
பாராமலே தாண்டி,
கடைசிப் படி இறங்கும்வரை எண்ணினேன்.
இருபத்தாறு.